தொப்பியில் பதினான்கு கொட்டைகள்

ப்ரெசோவ்கா,
அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் டம்யானுக்கு,

அப்பா மிக்கோ சொல்லச் சொல்ல, தபால்காரி ஆன்கா எழுதும் கடிதம் இது. நான் சுகமாக இருக்கிறேன். மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் என் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே நார்வேயில் இந்நேரம் குளிர் கடிக்க ஆரம்பித்திருக்கும். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே. போன புதிதில் கழற்றிவிட்டு மூன்று நாள் வெங்காயம் உரித்தவன் மாதிரி கிடந்தாய் என்று மருமகள் சபினா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. கடிதத்தில் நீ என்னை நடுவில் வெட்ட முடியாது. கோபம் வந்தால் மடித்து வை. ஆறியதும் விட்ட இடத்திலிருந்து படி. ஆன்காவுக்கு ஒரு டம்ளர் ஆப்பிள் சாறு கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், மெருகு போடக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

முதலில் உன் மகளைப் பற்றி. நேஷாவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. சளி பிடிக்கவில்லை. காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அதிகாரிகளுக்குப் புகார் எழுதி வைத்திருப்பதாகச் சபினா சொன்னாள். அதில் டீச்சர் லிடியாவின் பெயர் இருக்கிறதாம், குழந்தைகளைச் சரியாக எண்ணாமல் காட்டிலேயே ஒன்றை விட்டுவிட்டு வந்தவள் என்று. டம்யான், அதை அனுப்புவதற்கு முன் இதைக் கேள். அன்றைக்கு எண்ணியது லிடியா இல்லை. நான்தான் எண்ணினேன்.

இந்த இடத்தில் ஆன்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மிக்கோ மாமா, இதையும் எழுதணுமா?” என்று கேட்டாள். எழுது என்றேன்.

உனக்குத் தெரியும், பாலர் பள்ளிப் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள் நம் பிர்ச் மரத் தோப்புக்கு வருகிறார்கள். மழையோ வெயிலோ வருவார்கள். ரப்பர் பூட்ஸும் ரப்பர் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வாத்துக் கூட்டம் மாதிரி வரிசையாக வருவார்கள். போன இலையுதிர் காலத்திலிருந்து நான் தண்ணீர் தூக்கிக் கொடுக்கவும், வழுக்கும் இடத்தில் கை கொடுக்கவும் கூடப் போகிறேன். பாடம் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தெரியும்? நான் வண்டி மாடு மாதிரி. சுமப்பேன், நிற்பேன். உதவி டீச்சர் இடுப்பு வலியென்று வராத நாட்களில் இரண்டாவது பெரிய ஆள் என்று என்னைக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

எண்ணுகிற வேலை எனக்கு எப்படி வந்தது என்றால், அது என்னுடைய யோசனைதான். பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார்கள். லிடியா தலையை எண்ணுவதற்குள் மூன்று தலை இடம் மாறிவிடும். எனக்கு எழுத்து வராது, ஆனால் எண்ணிக்கை வரும். ஐம்பத்தைந்து வருடம் காட்டில் மரக்கட்டை எண்ணியவன். அதனால் ஒரு விளையாட்டு செய்தேன். கிளம்பும் நேரத்தில் நான் தொப்பியைக் கழற்றி நீட்டுவேன். ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்குப் பொறுக்கிய ஓக் கொட்டை ஒன்றை அதில் போட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். பதினான்கு கொட்டை என்றால் பதினான்கு பிள்ளை. ஒரு வருடம் தவறவில்லை. பிள்ளைகளுக்கும் உயிர். நல்ல கொட்டையாகப் பார்த்து வைத்திருந்து போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்குத் தூறல் விழுந்தது. லிடியா ஒரு பிள்ளையின் பூட்ஸுக்குள் போன தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். “மிக்கோ தாத்தா, சரியா இருக்கா?” என்று கேட்டாள். தொப்பியைப் பார்த்தேன். பதினான்கு. “சரியா இருக்கும்மா, நட” என்றேன்.

அரை மணி நடந்து பள்ளிக்கு வந்தோம். வாசலில் ஈர பூட்ஸைக் கழற்றிவிட்டு எல்லாரும் அவரவர் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு சூப்புக்கு ஓடினார்கள். நான் விறகை அடுக்கிவிட்டுத் திரும்பினால், செருப்புப் பலகையில் ஒரு ஜோடி மீதம் இருந்தது. முள்ளம்பன்றி படம் போட்ட சிவப்புத் துணிச் செருப்பு. நீ அவளுக்கு அனுப்பியது. டம்யான், என் வாழ்நாளில் இரண்டு மரம் என் மேல் விழ வந்திருக்கிறது. அந்த இரண்டு தடவையும் வராத பயம் அந்தச் செருப்பைப் பார்த்ததும் வந்தது.

ஓடினோம். லிடியா என்னை முந்தி ஓடினாள். எங்கள் கூச்சலைக் கேட்டு ஊரும் வந்துவிட்டது. தோப்பில் அறுத்துக் காயவைத்த பெரணிச் செடிக் குவியல்கள் பதினொன்று நிற்கின்றன, என் தலைக்கு மேல் உயரம். பக்கத்து வீட்டு ஸ்டான்கோ, மாட்டுக்கு அடிப்படுக்கை போட அந்தக் குவியலை எல்லாம் விலைக்கு எடுத்தவன், கவைக்கோலோடு வந்து, “எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துடுவோம், மிக்கோ அண்ணே” என்று முதல் குவியலில் குத்தப் போனான். நான் குறுக்கே நின்றேன். “இரும்பை எடுத்தா மொதல்ல என்னத்தான் குத்தணும். கையால பிரி” என்றேன். அவன் முனகினான். பிறகு கவைக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டான். கையால் பிரித்தோம், பொத்திப் பொத்தி, பிரசவம் பார்ப்பதுபோல. நான்காவது குவியலில் ஒரு சிவப்பு பூட்ஸ் தெரிந்தது. உன் மகள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, “ஏன் என் சுவரை ஒடைச்சீங்க?” என்று கேட்டாள்.

இதுதான் நடந்தது. பள்ளித் தாளில் கையெழுத்து லிடியாவுடையது, அதனால் எல்லாரும் அவளைச் சொல்கிறார்கள். அவளும் என் பெயரை எடுக்காமல் வாய் மூடி இருக்கிறாள். அவள் மூடலாம், நான் மூட மாட்டேன். பதினான்கு கொட்டை இருந்தது, பதின்மூன்று பிள்ளை இருந்தது. எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிப்பேன். அதுவரை உன் புகாரைப் பெட்டியில் வை. அப்பா கேட்டு நீ எனக்கு எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா மிக்கோ
(கீழே இருக்கும் மூன்று கோடு என் கையால் போட்டது. கட்டைகளில் கோடாலியால் போடும் அதே குறி.)


ப்ரெசோவ்கா,
அக்டோபர் 20, திங்கட்கிழமை.

அன்பு மகன் டம்யானுக்கு,

என் கடிதம் கிடைத்ததென்று தெரிந்துகொண்டேன். நீ சபினாவிடம் போனில் சொன்னதை அவள் என்னிடம் சொல்லத் தயங்கினாள். வற்புறுத்திக் கேட்டேன். “அப்பாவுக்கு வயசாயிடுச்சு. பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியல. இனிமே என் பொண்ணு அந்தத் தோப்புப் பக்கம் போகக் கூடாது, அவரும் பிள்ளைங்க பக்கம் போகக் கூடாது. முப்பதாம் தேதி புகாரை அனுப்பறேன்” என்றாயாம். சபினா பாவம், அழுதுகொண்டே சூப்பைக் கிண்டினாள். உனக்கும் எனக்கும் நடுவில் அவள் உரலில் அகப்பட்டவள் மாதிரி இருக்கிறாள்.

வயதாகிவிட்டது, சரி. எண்ணத் தெரியும். இதைக் கேள்.

அன்றைய கொட்டைகளை நான் எறியவில்லை. மழைக்கோட்டுப் பையிலேயே கிடந்தன. போன புதன்கிழமை எடுத்துச் சமையலறை மேசையில் பரப்பினேன். யார் எதைப் போட்டார்கள் என்று எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு எழுத்து தங்குவதற்குத் தலையில் இடமில்லாமல் போனது வேறு எல்லாம் தங்கிவிட்டதால்தான். மூடி இல்லாத கொட்டை, அது நிக்காவுடையது, அவள் மூடியைத் தனியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். புழு துளைத்தது மார்க்கோவுடையது, புழு இருந்தால்தான் அவனுக்குப் பிடிக்கும். இரட்டையாக ஒட்டியது இரட்டைச் சடைக்காரி போட்டது, அது இரண்டாகுமா ஒன்றாகுமா என்று சண்டை வந்து, ஒன்று என்று லிடியா தீர்ப்பு சொன்னாள். இப்படிப் பன்னிரண்டு போனது. மீதி இரண்டு. இரண்டும் சின்னது, பச்சை, நீளக் காம்பு. அந்தக் காம்பு ஊற்றோரம் குனிந்து நிற்கும் ஓக் மரத்தில்தான் வரும். அந்த மரத்துக்கடியில் போகிறவன் ஒருவன்தான், டிலென். மூக்கு ஒழுகுகிற, மெதுவாகப் பேசுகிற பையன், நேஷாவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிவானே, அவன்.

ஆக டிலென் இரண்டு போட்டிருக்கிறான். தலைமை ஆசிரியை ரெனாத்தா அம்மா என்னைப் பள்ளிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நான் பிள்ளையைத் தேடிப் போகவில்லை. நாலு வயதுப் பிள்ளையை நிறுத்தி விசாரிக்க நான் போலீஸும் இல்லை. ரொட்டிக் கடை வாசல் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவன் அம்மாவோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் போனான். பிறகு தானாகவே வெளியே வந்து சொன்னான், “தாத்தா, நான் ரெண்டு போட்டேன்.”

“அப்படியா. எதுக்குடா ரெண்டு?”

“ஒண்ணு நேஷாவோடது. அவ போடச் சொன்னா. அவளுக்கு வேலை இருந்துச்சு.”

“என்ன வேலை?”

“வீடு கட்டிட்டு இருந்தா. அவங்க அப்பா கப்பல்ல இருந்து வந்தா படுக்க இடம் வேணும்ல.”

அவன் அம்மா அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “தாத்தா, நீங்க தேடலைன்னா நேஷா செத்துப் போயிருப்பாளா?” என்று கேட்டான் அவன், அவள் பத்து நாளாக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சூப் குடித்தும். அத்தனை நாளும் அந்தக் குழந்தை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. “நல்ல சிநேகிதன் கேட்டதைச் செஞ்ச. எண்ணுற விளையாட்டுதான் ஓட்டை. ஓட்டை வெச்சது நான்” என்று சொன்னேன். ஒரு ரொட்டித் துண்டு கேட்டான். அதோடு சரியாகிவிட்டான்.

வீட்டுக்கு வந்து நேஷாவிடம் மெதுவாகக் கேட்டேன். மறைக்கவே இல்லை. பெரணியைக் குடைந்து உள்ளே போய் ஒரு அறை செய்தாளாம். “அப்பா ஒசரம். அதனால நான் நல்லா நீட்டிப் படுத்து அளந்தேன். பத்தலை, இன்னும் கொஞ்சம் தோண்டினேன். மறுபடி படுத்து அளந்தேன். அப்புறம் சூடா இருந்துச்சா, தூக்கம் வந்துடுச்சு” என்றாள்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை விட்டுடலாமே மாமா” என்கிறாள். விடக் கூடாது. நடந்தது என்னவென்று தெரியாமல் நீ ஒருத்தியின் வேலையைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பிப்ரவரியில் போனபோது இந்தக் குழந்தை எப்படி இருந்தாள்? வீட்டுக்கு வெளியே யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். படிக்கட்டில் கைப்பிடி இல்லாத பக்கம் கால் வைக்க மாட்டாள். டாக்டர் பார்த்தார், பேச்சுப் பயிற்சி அம்மா படம் காட்டிப் பார்த்தாள். ஏப்ரலில் ஒரு நாள் தோப்பில், ஈர இலைக்கடியில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் வட்டமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள், யாரும் தொடவில்லை, அதுதான் லிடியாவின் சட்டம். அப்போது நேஷா சத்தமாகச் சொன்னாள், “அதுக்குத் தொண்டையில மூச்சு இருக்கு.” லிடியா என்னைப் பார்த்தாள், நான் லிடியாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது மாதிரி தேரையையே பார்த்தோம். அன்றையிலிருந்து அவள் வாயை மூட முடியவில்லை. இப்போது விழுந்து கிடக்கும் பிர்ச் மரத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு முழு நீளமும் நடக்கிறாள். குட்டையின் ஆழத்தைக் குச்சியால் அளந்து, போன வாரத்தை விட இரண்டு விரல் கூடியிருக்கிறது என்று வந்து சொல்கிறாள். நீலச் சிறகுப் பறவை ஓக் கொட்டையை எங்கே புதைக்கிறது என்று மறைந்திருந்து பார்க்கிறாள்.

நீயே போன குளிர்காலத்தில் ஒரு படம் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? நார்வேயில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் பனியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிற படம். “இங்க இப்படித்தான் வளக்கறாங்க அப்பா, என்ன தைரியம் பாரு” என்று நீதான் சொன்னாய். அடுத்தவன் பிள்ளை பனியில் உட்கார்ந்தால் தைரியம், நம் பிள்ளை பெரணியில் படுத்தால் குற்றமா?

கோபத்தில் சொல்லிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று ஆன்கா கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும்.

நீ சொன்னதில் ஒன்று நியாயம். குழந்தை உன்னுடையது, பயந்தது நீ, ஆயிரம் மைல் தள்ளி நின்று ஒன்றும் செய்ய முடியாமல் பயந்தாய். நான் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் பயந்தேன், அதுவும் கையால் தேடிக்கொண்டே. உன் பயம் பெரியது. அதை நான் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். தோப்பு நாட்களை நிறுத்துவதா என்று அங்கேதான் பேசப் போகிறார்கள். நான் போகிறேன். கூப்பிடவில்லை, போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா மிக்கோ


ப்ரெசோவ்கா,
அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் டம்யானுக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. சபினா போனில் பாதி சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் கதவோரம் நின்றேன். ரெனாத்தா அம்மா நல்லபடியாகத்தான் பேசினாள். ஆனால் பேச்சு போகிற திசை தெரிந்தது. புதிதாகக் குடிவந்த ஒருவர் எழுந்து, “காட்டுல அப்படி என்னங்க இருக்கு? பள்ளிக்கூடப் பின்னாடியே ரப்பர் தரை போட்ட விளையாட்டு இடம் இருக்கு. விழுந்தாக்கூட அடிபடாது” என்றார்.

ஸ்டான்கோ சும்மா இருக்கவில்லை. “அடிபடாமலே விழுந்து பழகினவன்தான் பெரிசானதும் மாட்டுச் சாணத்துல வழுக்கி இடுப்ப ஒடைச்சுக்கறான்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அந்த ஆளும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பேச்சு மறுபடி ரப்பர் தரைக்கே போனது.

அப்போது லிடியா எழுந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. “தாள்ல கையெழுத்து என்னோடது. பொறுப்பும் என்னோடது. நான் வேலைய விட்டுடறேன், தோப்ப மட்டும் நிறுத்தாதீங்க” என்றாள்.

நான் பேச அனுமதி கேட்கவில்லை. “உக்காரும்மா” என்றேன். அவள் உட்கார்ந்தாள். உனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொன்னேன். தொப்பி, கொட்டை, எண்ணியது நான் என்பது எல்லாம். டிலெனின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. “ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்காக ரெண்டு போட்டுச்சு” என்று நிறுத்திக்கொண்டேன். உடனே டிலெனின் அம்மா எழுந்து, “அது என் பையன்தான்” என்றாள். அவள் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பெண்.

பிறகு பைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தேன். கூட்டத்துக்கு வெறுங்கையோடு போவேன் என்றா நினைத்தாய்? சணல் கயிறு, இரண்டு விரல் பருமன். அதில் பதினான்கு வளையம் போட்டிருந்தேன், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பிர்ச் கட்டைப் பிடி. பிடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வெட்டியிருந்தேன், தேரை, இலை, குச்சி, குட்டை என்று, எழுத்து தெரியாத பிள்ளையும் எழுத்து தெரியாத கிழவனும் சேர்ந்து படிக்கிற மாதிரி. பிள்ளைகள் அவரவர் பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பிடி ஒன்று தொங்கினால் கயிறே சொல்லிவிடும்.

“கொட்டையை இன்னொருத்தர் போட்டுடலாம். கையை இன்னொருத்தர் பிடிக்க முடியாது. இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. அது என் தப்பு. தப்பு பண்ணது என் தொப்பி. தோப்பு என்ன பண்ணுச்சு?” என்றேன்.

ரெனாத்தா அம்மா கயிற்றை வாங்கி ஒவ்வொரு பிடியாகத் தடவிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், தோப்பு நாட்கள் தொடரலாம், ஆனால் மூன்று கட்டுப்பாடு. கயிறு வேண்டும். கிளம்பும்போதும் சேரும்போதும் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதினான்கு வீடும் கையெழுத்துப் போட வேண்டும். “ஒரு வீட்டுக்கு மனசு ஒப்பலைன்னாலும் நான் நிறுத்திடுவேன். யாரோட பயத்து மேலயும் நடந்து நான் காட்டுக்குப் போக மாட்டேன்” என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

பதின்மூன்று வீடும் நேற்றே போட்டுவிட்டது. ரப்பர் தரைக்காரரும் போட்டார். சபினா பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். “மாமா, கோவிச்சுக்காதீங்க. அவருக்குத் தெரியாம நான் போட மாட்டேன்” என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உன் மனைவி சரியாகத்தான் செய்தாள்.

அந்தத் தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. ஆன்கா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அடியில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில், கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டு மிக்கோ கூட வரலாம் என்று இருக்கிறது. இரண்டாவதில், மிக்கோ வரக் கூடாது, பயிற்சி எடுத்த வேறு ஆளைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறது. மற்ற பதின்மூன்று வீடும் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். காணாமல் போனது நேஷா, அதனால் அந்த முடிவு நேஷாவின் வீட்டுக்குத்தான் என்றார்கள். ஆக என்னை அனுப்புவதா நிறுத்துவதா என்று சொல்ல வேண்டியவன் நீ.

டம்யான், நான் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காலை நேரம் தவிர எனக்கு இப்போது வேறு வேலையென்று ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காக நீ முதல் கட்டத்தில் போட வேண்டாம். என்மேல் உனக்கு நம்பிக்கை போயிருந்தால் இரண்டாவதில் போடு. நான் கதவோரம் நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொள்வேன். அடுத்த ஆளுக்குக் கயிற்றைப் பிடிக்கும் முறையை லிடியா சொல்லிக் கொடுப்பாள், எந்தக் கல் வழுக்கும் என்பதை நான் ஒரு தடவை நடந்து காட்டிவிடுவேன். அதற்குப் பிறகு வர மாட்டேன். இதை ஆன்கா சாட்சியாகச் சொல்கிறேன். இரண்டில் எதில் வேண்டுமானாலும் போடு. இரண்டையும் காலியாக மட்டும் விட்டுவிடாதே. காலியாக விட்டால் தண்டனை எனக்கு இல்லை, பதினான்கு பிள்ளைகளுக்கு. முப்பதாம் தேதி அந்தப் புகாரை அனுப்பியே தீருவாய் என்றால், லிடியாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

தாளோடு ஒரு ஓக் கொட்டையும் இருக்கும். உறை அதனால்தான் புடைத்திருக்கிறது, தபாலில் இப்படி அனுப்பக் கூடாது என்று ஆன்கா முதலில் சட்டம் பேசினாள், பிறகு அவளே இரண்டு தபால்தலை கூட ஒட்டினாள். கொட்டையை உள்ளே போட்டது நேஷா. அவள் கையால்தான் போட்டாள், நான் கண்ணால் பார்த்தேன். “அப்பாவும் ஒண்ணு வெச்சிருக்கணும், அப்பதான் எண்ணும்போது விட்டுட மாட்டாங்க” என்றாள்.

தாள் நவம்பர் பதினொன்றுக்குள், மார்டின் திருநாளுக்குள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். தபாலில் அனுப்பினாலும் சரி. அன்றைக்கு உங்கள் பட்டறையில் விடுமுறை கேட்டால் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. திருநாள் விருந்துக்குச் சபினா வாத்து சொல்லி வைத்திருக்கிறாள், மூன்று பேருக்குப் பெரிய வாத்துதான்.

ஸ்டான்கோ இந்த வாரம் பெரணிக் குவியல்களை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். நான்காவது குவியலைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். “அதுல என்ன அண்ணே, புதையலா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். திருநாள் வரைக்கும் விட்டுவைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன், உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. நேஷா உன் உயரத்துக்கு அளந்து கட்டியிருக்கிறாள். எனக்கென்னவோ கால் ஒரு சாண் வெளியே நீட்டும் என்று தோன்றுகிறது. அவள் இல்லை என்கிறாள். யார் சொல்வது சரியென்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடவுள் உன்னை முழுசாக வைத்திருக்கட்டும், மகனே.

உன் அப்பா மிக்கோ